பதினாலாம் பக்கத்து நீரூற்று

பிப்ரவரி 3

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது உன் செய்தி வந்த நாளிலிருந்துதான் என்பது உன் அண்ணியின் கண்டுபிடிப்பு. நீ, சின்னவள், வாலு மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்பது விசாரிக்காமலே தெரிகிறது.

உன் லிஃப்ட் கம்பெனி உங்களைக் குடும்பத்தோடு வெளிநாடு அனுப்புகிறதாமே. இருபத்துநாலு நாள், ஐந்து ஊர். மாமா வந்து சொன்னார். கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்தவர் அல்லவா, உட்காராமல் நின்றுகொண்டே தீர்ப்பு மாதிரி வாசித்தார். "இருபது வருஷமா சின்ன மாப்பிள்ளை பார்த்த லிஃப்ட்ல ஒரு ஆளுக்குக்கூட அடிபடலையாம். அதுக்குப் பரிசு." வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு எழுத்து தப்பினால் முதலாளி கத்துவார். தப்பாவிட்டால் அடுத்த புரூஃபைக் கொடுப்பார். வெளிநாடெல்லாம் கொடுக்கமாட்டார்.

மாமா வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அது மூத்த மாப்பிள்ளைக்கு. போன ஞாயிறு போனபோது, நீ அனுப்பிய பயணத் திட்டம் ஒரு கவரில் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. "அதை எடுக்காதீங்க, கசங்கிடும்" என்றார் மாமா. நான் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு வயிறு எரிய இன்னொரு நியாயமும் இருக்கிறது. அந்த நாட்டைப் பற்றி டூர் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற கையேட்டை ஏழு வருஷமாக எழுதித் தருவது நான். பேர் போடமாட்டார்கள். அங்கே எனக்குத் தெரியாத சந்து கிடையாது, கால் வைத்த சந்தும் கிடையாது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். கூடவே, நீ கேட்டபடி என் பெரிய தோல்பெட்டி. கல்யாணத்துக்கு வாங்கியது. என்னைவிட அதற்கு யோகம்.

உன் பயணம் நல்லபடி அமைய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரும்பும்,
மூத்த சகலை

---

பிப்ரவரி 15

அண்ணனுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள்.

பெட்டி வந்தது. வலது பூட்டு இறுக்கமாக இருந்தது, எண்ணெய் போட்டுச் சரிசெய்துவிட்டேன். கையேட்டை வாலுவின் அம்மா எடுத்துக்கொண்டாள். இரண்டு தடவை படித்தாகிவிட்டது. சமைக்கும்போது எனக்கும் வாசித்துக் காட்டுகிறாள். "அத்தான் எழுதினதுலயே பாதி ஊர் பார்த்தாச்சு" என்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாலு ஐந்தாவது ஊருக்குத்தான் நாள் எண்ணுகிறாள். அங்கே கடல் இருக்கிறது. ஒன்பது வயதாகிறது, இன்னும் கடல் பார்த்ததில்லை.

நீங்களும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பெனியில் மூன்று பேருக்குத்தான் தருகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.
தம்பி

---

மார்ச் 21

அன்புள்ள சகலைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. வலி முழங்காலை விட்டுக் கிளம்பி வயிற்றுக்கு வந்துவிட்டது.

நீ கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இங்கே மாமா எப்போதோ கிளம்பிவிட்டார். பால்காரர், துணி தேய்ப்பவர், எதிர்வீட்டு வாத்தியார் எல்லோருக்கும் உன் ரயில் நேரம் மனப்பாடம். என்னைத் தெருவில் பார்த்த மருந்துக்கடைக்காரர், "உங்க சகலை நாலாவது ஊர்ல நாலு நாள் தங்கறாராமே, ஏன் சார்?" என்று கேட்கிறார். நான் என்ன, உன் கைடா?

உன் அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து பெருமூச்சு மட்டும் வருகிறது. குக்கர் என்று நினைத்து இரண்டு தடவை அடுப்பை அணைத்துவிட்டேன். நேற்று மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "நாம கடைசியா எங்க போனோம்?" யோசித்தேன். போன வருஷம் உன் வீட்டுக்கு வந்ததுதான். சொல்லவில்லை.

ஓட்டல் முகவரிகள் எல்லாம் மாமாவிடம் இருக்கின்றன. நகல் எடுத்துக்கொண்டேன். எழுதுவேன். நீயும் எழுது. பார்த்ததைப் பார்த்தபடி எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.

சின்னவளுக்கு ஆசி, வாலுவுக்கு முத்தம்.
பெட்டியின் சொந்தக்காரன்

---

ஏப்ரல் 4
முதல் ஊர்

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

சுகமாக வந்து சேர்ந்தோம். அங்கே வெயில் எப்படி?

பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். இந்த ஓட்டலில் ஆறு மாடி. லிஃப்ட் பழையது, கம்பிக் கதவு, ஆனால் ஓட்டம் பட்டு மாதிரி இருக்கிறது. மூன்றாவது மாடியில் மட்டும் தரைக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. வாலு தடுக்கி விழப் பார்த்தாள். ஓட்டலில் சைகையால் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறார்கள்.

நேற்று ஒரு கோபுரம் பார்த்தோம். உள்ளே லிஃப்ட் சரிவாக ஏறுகிறது. கூண்டுக்குச் சமமாகத் தொங்குகிற எதிர் எடையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கினேன். மேலே இருந்து ஊர் தெரியும் என்றார்கள். அவளும் குழந்தையும் பார்த்தார்கள்.

கையேடு அவள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் வாசிக்கிறாள், பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறாள். நான் ஏதாவது காட்டினால், "இருங்க, அத்தான் என்ன சொல்லியிருக்கார்னு பார்ப்போம்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி

---

ஏப்ரல் 12

அன்புள்ள சகலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெயில் கொளுத்துகிறது. மற்றபடி நலம், உங்கள் நலம் கடிதத்திலேயே வழிகிறது.

கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். மாமா காதில் கை வைத்துக் கேட்டார். உன் அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள், அந்த ஊரை மனக்கண்ணில் பார்க்கலாம் என்று. பாவம், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பிக் கதவு. அடேயப்பா, கடல் தாண்டிப் போய் லிஃப்ட் பார்த்துவிட்டு வருகிற ஒரே மனிதன் நீதான். ஒரு மலைக்குக் கூட்டிப்போனால், மேலே போக ஏன் படி வைத்திருக்கிறான் என்று கேட்பாய். ஆனாலும் மாமாவுக்கு உன் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. "கடமைதான் முதல்ல, பார்த்தீங்களா" என்றார் என்னிடம். உன்னை மட்டம் தட்ட நான் எதை எடுத்தாலும் அது உனக்கு மாலையாகி விழுகிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். இதை நாலாவது ஊர் முகவரிக்கே அனுப்புகிறேன். கையேட்டில் பதினாலாம் பக்கம் பார். அந்த ஊர்ப் பழைய கடைவீதிக்குப் பின்னால், மாலை நேரத்தில் தண்ணீர் தானாக வெதுவெதுப்பாகிற கல் நீரூற்று ஒன்று உண்டு. நாலே வரிதான் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த நாட்டிலேயே மனசுக்குப் பிடித்த இடம் அது. எனக்காக அதை மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுது. பார்த்தாயா, தண்ணீர் எப்படி இருந்தது, இரண்டு வரி போதும்.

கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்காத,
அண்ணன்

---

ஏப்ரல் 24
நாலாவது ஊர்

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் 22ஆம் தேதி கிடைத்தது. எல்லோரும் சுகம்.

நீங்கள் கேட்ட நீரூற்றைப் பார்த்தோம். கையேட்டில் உள்ளபடியே இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வாலு கை வைத்துப் பார்த்தாள்.

ஐந்தாவது ஊருக்குப் போகவில்லை. ரயில் நேரம் ஒத்துவரவில்லை. இங்கிருந்தே ஊர் திரும்புகிறோம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தம்பி

---

மே 6

அன்புள்ள சகலைக்கு,

ஊர் வந்து சேர்ந்திருப்பாய். அலுப்புத் தீர்ந்திருக்கும். எனக்கு இங்கே ஒரு மாதத்து அலுப்பும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. முழங்கால்கூடச் சரியாகிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த நீரூற்று கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பதினாலாம் பக்கத்தில் அடியில் நாலு வரி இடம் காலியாக நின்றது. மெஷின்காரர் வாசலில் நின்றுகொண்டு "என்ன சார், போடலாமா, வேண்டாமா" என்று அரிக்கிறார். படம் கைவசம் இல்லை. மாலை நேரம், டீ ஆறிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக ஒரு நீரூற்று எழுதிக் கொடுத்தேன். நாலு வரி, கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றுவரை ஒரு ஆளும் புகார் சொல்லவில்லை. கையேட்டைப் படிக்கிறவன் ஊருக்குப் போவதில்லை, போகிறவன் கையேட்டைப் படிப்பதில்லை.

நீதான் அதைப் பார்த்த ஒரே மனிதன். வாலுவையும் கை வைக்கச் சொல்லியிருக்கிறாய். உண்மையைச் சொல், ஓட்டலை விட்டு வெளியே வந்தீர்களா? இல்லை, இருபத்துநாலு நாளும் லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாயா?

மனசில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் மாமா, எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "சின்ன மாப்பிள்ளை ஒரு வார்த்தை மிகையாச் சொல்லமாட்டார்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்படி ஒரு நீரூற்றே அங்கே இல்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஜூன் மாதம் எல்லோரும் இங்கே கூடும்போது போட்டோக்களைக் கொண்டு வா. நீரூற்றுப் போட்டோவை மேலே வை.

வெற்றி முகத்துடன்,
மூத்த மாப்பிள்ளை

---

ஜூன் 2

அன்புள்ள சகலைக்கு,

சுகமா? கடிதம் போட்டு நாலு வாரம் ஆகிறது. தபால் தொலைந்துவிட்டதோ என்று விசாரித்தேன். அந்தத் தெருவுக்குப் போன வேறு எதுவும் தொலையவில்லை என்கிறார் தபால்காரர்.

நான் எழுதியது விளையாட்டு. உனக்குத் தெரியாததா. எனக்கு நாக்கில் கொஞ்சம் நமைச்சல் உண்டு, எழுதினால் அது பேனாவுக்கு வந்துவிடும். மாமாவிடம் நான் சொன்னதும் ஒரு வாக்கியம்தான். அவர்தான் அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். நீரூற்று இல்லையென்றால் நாலாவது ஊர் இல்லை, நாலாவது ஊர் இல்லையென்றால் மூன்றாவதும் சந்தேகம், இப்படியே பின்னால் நடந்து உன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டார். சின்னவளுக்கு அவர் ஏதோ எழுதியிருப்பதாக உன் அண்ணி சொல்கிறாள். என்ன எழுதினார் என்று என்னிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம் பொதுவாகவே எதுவும் சொல்வதில்லை இப்போது.

கைவைத்த நாற்காலி காலியாகிவிட்டது. போன ஞாயிறு அதில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. லிஃப்டைப் பற்றி இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணன்

---

ஜூன் 14

அத்தானுக்கு,

வணக்கம். அக்காவும் நீங்களும் சுகமா? நாங்கள் சுகமாகத்தான் இருந்தோம், அப்பாவின் கடிதம் வரும்வரை. "போட்டோவெல்லாம் கடையில் வாங்கியதா?" என்று கேட்டிருக்கிறார். பெற்ற மகளிடம். ஜூனில் யாரும் வர வேண்டாமாம், ஊர் முன்னால் அவருக்குத் தலைகுனிவாம்.

இவர் அப்பாவின் கடிதத்தைப் படித்தார், மடித்தார், வேலைக்குப் போனார். ஒரு மாதமாக வேலைக்குப் போவது, வருவது, அவ்வளவுதான். போன வாரம் இவருடைய டூல் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவில் உங்கள் மே மாதக் கடிதம் கிடைத்தது. கிரீஸ் கறையோடு. நான் படித்தேன். இப்போது நான் சொல்வதைப் படியுங்கள்.

ஏப்ரல் 22ஆம் தேதி ஊர் மாறும் நாள். சாயங்காலம் ஆறு பத்துக்கு ரயில். பெட்டி கட்டியாகிவிட்டது. மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. "அத்தான் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கார், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளப்பியவள் நான்தான். மூன்று மணிக்குக் கடைவீதிக்குப் பின்னால் போனோம். இல்லை. அடுத்த தெருவில் பார்த்தோம். இல்லை. இவர் ஒவ்வொரு ஆளாக நிறுத்திக் கேட்டார். பாஷை தெரியாது. கையைக் குவித்து மேலே தூக்கி, தண்ணீர் விழுகிற மாதிரி விரலை ஆட்டி, பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து வெதுவெதுப்பு என்று காட்டுவார். பதினோரு பேர். ஒரு அம்மாள் இவருக்குப் பல்வலி என்று நினைத்து மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அஞ்சே முக்காலுக்கு, கடை சாத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டார். பெரியவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டினார், அவ்வளவுதான். இவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "போன வருஷம்தான் இடிச்சாங்களாம். ரொம்ப அழகா இருக்குமாம். உங்க அத்தான் எழுதினது அத்தனையும் சரியாம்."

ஒரு தலையாட்டலுக்கு இத்தனை நீளமா அர்த்தம் என்று அப்போதே நினைத்தேன். கேட்கவில்லை.

ரயில் போய்விட்டது. அடுத்தது இரண்டு நாள் கழித்து. ஐந்தாவது ஊர் போச்சு. வாலு பிளாட்ஃபாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். இவர் அவளிடம், தான் நேரத்தைத் தப்பாகப் படித்துவிட்டதாகச் சொன்னார்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவரிடம் கேட்டேன், பார்த்தோம் என்று ஏன் எழுதினீர்கள் என்று. "அண்ணன் ஆசையாக் கேட்டிருந்தார். இல்லைன்னு எழுத கை வரலை" என்றார். அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பிவைக்கட்டுமா என்றேன். கூடாதாம். "அண்ணனுக்கு அந்த எழுத்து ஒண்ணுதான் பெருமை" என்றார்.

நான் அனுப்பமாட்டேன், அத்தான். அப்பா வீடு உங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.
சின்னவள்

---

ஜூன் 22

மாமா அவர்களுக்கு மூத்த மாப்பிள்ளை நமஸ்காரம்.

உடம்பு எப்படி இருக்கிறது? நேற்று மாலைதான் பார்த்தோம், நன்றாகவே இருந்தீர்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறவனைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். நேரில் நாலு நாளாக முயன்றேன். உங்கள் வாசல்வரை சொற்கள் வரும், செருப்பைக் கழற்றும்போது அவையும் கழன்றுவிடும்.

சின்ன மாப்பிள்ளை சொன்ன நீரூற்று அங்கே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். அது உண்மை. அதை இட்டுக்கட்டியவன் நான் என்பதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் மிஞ்சியதால் எழுதினேன். அவரைச் சிக்கவைக்க, அதைப் பார்த்து வரும்படி கடிதமும் போட்டேன். மூன்று பேரும் மூன்று மணி நேரம் அதைத் தேடி அலைந்து ரயிலை விட்டார்கள். வாலு கடல் பார்க்காமல் திரும்பியது என்னால். பார்த்தோம் என்று அவர் எழுதியது என் முகத்தைக் காப்பாற்ற. நீரூற்று என் கற்பனை என்பதை என் கையெழுத்திலேயே எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். ஒரு மாதம் அதைப் பையில் வைத்திருந்தார், உங்களுக்குக் காட்டவில்லை. நானாக இருந்தால் அன்றே நகல் எடுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்திருப்பேன்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பீர்கள். பொறாமை, மாமா. வேறு நல்ல வார்த்தையாகத் தேடினேன். பிழை திருத்துகிறவனுக்கே கிடைக்கவில்லை.

அச்சகத்திலும் சொல்லிவிட்டேன். முதலாளி கோபிப்பார் என்று பயந்தேன். "சரி, அந்த நாலு வரியை எடுத்தா அங்க என்ன போடறது?" என்றுதான் கேட்டார். இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். அந்தப் பதிலுக்குத்தான் கோபித்தார்.

அவர்கள் வரும்போது கைவைத்த நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். ஸ்டூல் எனக்குப் பழகிவிட்டது. பழகியதே தவிர, பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கள்,
மூத்த மாப்பிள்ளை

---

ஜூலை 19

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். அண்ணியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதம். ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்ட் மாற்றுகிறோம்.

மாமா கார்டு போட்டிருந்தார். "விசாரித்தேன். உங்கள் மேல் குற்றமில்லை." அவ்வளவுதான். அவருக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். எழுதியதற்கு நன்றி.

டிசம்பர் விடுமுறையில் வாலுவைக் கடலுக்கு நீங்கள் கூட்டிப்போவதாக அண்ணி எழுதியிருக்கிறார். தாராளமாக. அவள் இப்போதே பெரியப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவைக்க நான் நினைத்ததில்லை, நினைத்தாலும் முடியாது போலிருக்கிறது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நாலு ஊர் கூட்டிப்போனேன். சரிவாக ஏறுகிற அந்தக் கோபுரம், ஆறு, அரண்மனை எல்லாம் இருக்கின்றன. போட்டோ இருக்கிறது. வாலுவின் அம்மா அதில் எதையும் சொல்வதில்லை. அந்த நீரூற்றைத்தான் சொல்கிறாள். தேடிப்போன கதை, பதினோரு பேரைக் கேட்டது, பல்வலி, தலையாட்டல், எல்லாம். நான் கையைக் கன்னத்தில் வைத்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அம்மாளுக்குச் சொன்னாள். இது எட்டாவது தடவை. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருக்கிற நாலு ஊரைக் காட்டியவன் நான். இல்லாத ஒரு இடத்தை நாலு வரியில் எழுதியவர் நீங்கள். அவளுக்கு அதுதான் நிற்கிறது.

எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது, அண்ணே. அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி